தலைவருக்கும் மேலானது தர்மம்: டாக்டர் ராதாகிருஷ்ணன் சரிதம்

ஒரு நாட்டின் குடிமக்கள் அந்நாட்டை ஆளும் தலைவருக்கு விசுவாசமாயிருக்கக் கடமைப்பட்டவர்களா? முடியாட்சிக் காலத்தில் இவ்வினா எழவே இடமில்லை. அரசனே நாடு என்றும், அவனுக்குப் பணிதலே குடிகளின் கடன் என்றும் சொல்லப்பட்டன. குடியாட்சி வந்து பல்லாண்டுகள் சென்ற பின்னும் அப்பழைய எண்ணம் நம் நெஞ்சை விட்டு முற்றிலும் அகன்றதாகத் தோன்றவில்லை. தலைவரைக் குறை கூறுவோரைத் தேசத்தையே குறை கூறுவோராகக் கருதுவோர் உளர். தலைவரால் நன்மை பெற்றவர் அவர் பிழையைக் கண்டும் வாய் திறத்தல் நன்றி கெட்ட செயல் என்று எண்ணுவோரும் உளர். இவ்வினாவைத் தம் வாழ்வில் நேருக்கு நேர் சந்தித்த பேரறிஞர் ஒருவரின் சரிதத்தை அன்பர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். அவர் டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

அவர் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் திருத்தணியில் தெலுங்கு பேசும் எளிய குடும்பத்தில் தோன்றினார். தந்தையார் வீராசாமி, ஜமீன் ஒன்றில் சிறிய வருவாய்த்துறை உத்தியோகம் பார்த்தவர், தாயார் சீதம்மா. திருத்தணி அந்நாளில் வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1911-ல் சித்தூர் ஜில்லா அமைந்தபோது அதனுள் சென்றது. 1960-ல் சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது. தமிழரும் ஆந்திரரும் ஒருங்கே அவரை எம்மூரார் என்று உரிமை கொண்டாடுவது இதனாலேயாம்.

1896-ல், எட்டு வயதில், திருப்பதியிலிருந்த லூத்தரன் மிஷன் பள்ளியில் அவர் சேர்க்கப்பட்டார். 1900 வரை அங்கே பயின்றார். பின்னர் வேலூர் ஊரீசுக் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கற்றார். திருமலையின் அடிவாரத்தில் பெருமாள் கோயில் மணியோசையைக் கேட்டுக்கொண்டே பாதிரிமாரிடம் பாடம் கேட்ட பிள்ளை அவர். தம் முன்னோர் கொள்கைகளை ஆசிரியர்கள் கண்டித்தது அவர் மனத்தை வருத்தியது. ஆயினும் அவர் ஆசிரியரை வெறுக்கவில்லை. அவர் கூற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. தாமே மூலநூல்களைத் துருவி ஆராய்ந்தார். வேதாந்தத்தில் ஒழுக்க நெறிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டை மறுத்து 1908-ல் தம் பட்ட ஆராய்ச்சியை எழுதி, கிறிஸ்தவப் பேராசிரியர் ஹாக்கிடமே சமர்ப்பித்தார். அப்பெருந்தகையும் அதனை மனமாரப் பாராட்டினார். ஒருவரிடம் மதிப்பு வைத்துக்கொண்டே அவரோடு மாறுபடலாம் என்னும் பாடத்தை மாணவப் பருவத்திலேயே அவர் கற்றுக்கொண்டார் என்போம்.

பின்னர் சென்னை, மைசூர், கல்கத்தா ஆகிய இடங்களில் தத்துவப் பேராசிரியராக விளங்கினார். 1931-ல் ஆந்திர சர்வகலாசாலையின் துணைவேந்தரானார். 1936-ல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1931-ல் பிரிட்டிஷ் மன்னர் அளித்த சர் பட்டத்தையும் ஏற்றுக்கொண்டார். சிறை சென்ற தேசபக்தர்களின் வரிசையில் அவரை வைத்துப் பேசுதல் பொருந்தாது. அதனை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆயினும் பட்டம் அவர் நாவைக் கட்டிவிடவில்லை. 1942 ஆகஸ்டுப் போராட்டத்தின்போது காசி இந்து சர்வகலாசாலையில் பட்டாளம் புகுந்தது. மாகாண கவர்னர் அவ்விடத்தைப் போர்க்கால மருத்துவமனையாக்க முற்பட்டார். துணைவேந்தராயிருந்த ராதாகிருஷ்ணன் டில்லி சென்று வைஸ்ராயிடம் வாதாடிக் கலைக்கூடத்தைக் காத்தார்.

சுதந்திரம் நெருங்கிய காலத்தில் அரசியல் நிர்ணய சபையில் அவர் அங்கம் வகித்தார. நேருஜி கொணர்ந்த இலட்சியத் தீர்மானத்தை ஆதரித்து 1947 ஜனவரியில் பேசுகையில், ஆட்சியுரிமை முடிவில் அறநெறியையே சாரும் என்றும், மன்னரேயன்றி மக்களும் அதற்குக் கீழ்ப்பட்டவரே என்றும் விளக்கினார். தலைவர் எவரும் அதற்கு விலக்கல்லர் என்பது இதனால் தானே பெறப்படும்.

இந்நெறியை உலகின் மிகப் பெரும் வல்லாளர் ஒருவரிடமும் அவர் மறைக்கவில்லை. 1949-ல் நேருஜி அவரைச் சோவியத் நாட்டுக்குத் தூதராக அனுப்பினார். 1950-ல் ஸ்டாலினைச் சந்தித்தபோது, கலிங்கப் போரில் வென்றும் குருதி வெள்ளத்தைக் கண்டு மனமாறிய அசோகச் சக்கரவர்த்தியின் கதையை எடுத்துரைத்து, வலிமையால் அதிகாரம் எய்திய தங்களுக்கும் அத்தகைய மாற்றம் நேரலாமே என்ற பொருள்படக் கூறினார். கோடிக்கணக்கான மக்கள் தலைவர் பெயரைச் சொல்லவே அஞ்சிய நாட்டில் இது நிகழ்ந்தது என்பதை அன்பர்கள் கருதிப் பார்க்க வேண்டும்.

1952-ல் துணைக் குடியரசுத் தலைவராகி ராஜ்ய சபையை நடத்தினார். தம்மபதத்தை 1950-ல் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட அவரே, பகவான் புத்தரின் 2,500-ஆம் ஆண்டு ஜயந்தி விழாவுக்கு அரசாங்கம் அமைத்த செயற்குழுவுக்கும் தலைமை தாங்கினார். 1956 முதல் 1962 வரை லோக சபையின் சபாநாயகராயிருந்தவர் திருப்பதியை அடுத்த திருச்சானூரில் பிறந்த அனந்தசயனம் அய்யங்கார். இவ்வாறு பாரதப் பாராளுமன்றத்தின் இரு அவைகளும் ஒரே வட்டாரத்தில் பிறந்த இருவரின் தலைமையில் ஒரே காலத்தில் நடந்தன. அவ்விரு ஆசனங்களும் பிரதம மந்திரிக்குப் பணிபுரிய ஏற்பட்டவை அல்ல. அவரையும் எதிர்க்கட்சியாரையும் ஒரே விதிக்குள் நிறுத்த ஏற்பட்டவை.

1962 மே 13-ல் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரானார். தூதர் பதவி முதல் இப்பெரும் பதவி வரை அவர் ஏறிய படிகள் பெரும்பாலும் நேருஜியின் ஆதரவால் அமைந்தவை. இருவரும் நெருங்கிய நண்பர்கள். ஐந்து திங்கள் கழிந்தன. அக்டோபர் 20-ல் சீனப் படை எல்லையைத் தாண்டிற்று. நம் வீரர் போதிய உடையும் ஆயுதமுமின்றிப் பனிமலையில் மடிந்தனர். அப்போது நன்றியை நினைத்து மௌனம் சாதித்தல் எளிது. போர்க்காலத்தில் ஒற்றுமையே தேவை என்று சாக்குச் சொல்லவும் இடமிருந்தது. ஆயினும் அரசாங்கம் எளிதில் நம்பி ஏமாந்ததையும், அசட்டையாய் இருந்ததையும் அவர் வெளிப்படையாகவே சுட்டிக்காட்டினார். பாதுகாப்பு மந்திரி கிருஷ்ண மேனன் நவம்பரில் பதவி துறக்க நேர்ந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிழையைச் சொன்ன அவர் நேருஜியைக் கவிழ்க்க முற்படவில்லை. குடியரசுத் தலைவர் மந்திரி சபையின் ஆலோசனைப்படி நடத்தல் வேண்டும் என்ற விதியை மீறவும் இல்லை. 1964 மே 27-ல் நேருஜி மறைந்த அன்றே குல்சாரிலால் நந்தாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்வித்தார். 1966 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி மறைந்தபோதும் அவ்வாறே செய்து ஆட்சி தடையுறாமற் காத்தார்.

ஆனால் அவர் வாழ்வில் நம் மனம் ஒப்பாத பகுதியும் உண்டு. சீனப் போரை ஒட்டி 1962 அக்டோபர் 26-ல் அவர் கையொப்பத்துடன் வெளியான நெருக்கடி நிலைப் பிரகடனம், போர் ஓய்ந்த பின்னும் நீடித்தது. அவர் பதவிக்காலம் முழுவதும் அது நீங்கவில்லை. 1968 ஜனவரியில்தான் விலக்கப்பட்டது. அதன் கீழ் விசாரணையின்றிச் சிறையில் வாடியோர் பலர். சொல்லில் காட்டிய துணிவைக் கையொப்பத்திலும் காட்டியிருக்கலாகாதா என்று கேட்போருக்கு முழு விடை அளிக்க நம்மால் இயலவில்லை. பெரியோரையும் இவ்வாறு எடை போடுதலே அவர் கற்பித்த நெறிக்கு ஏற்றதாகும்.

1967 குடியரசு நாளுக்கு முந்திய இரவு வானொலியில் பேசுகையில், நாட்டில் பரவியிருந்த திறமைக் குறைவையும், செல்வ வளங்கள் பெரிதும் சீர்கெட நிர்வகிக்கப்பட்டதையும் மன்னிக்க இயலாது என்று கண்டித்தார். பொதுத் தேர்தல் சில வாரங்களே எட்டியிருந்த வேளை அது. அவரே மீண்டும் தலைவராதல் வேண்டும் எனக் காமராஜர் கருதினார். பிரதமர் இந்திரா காந்தி டாக்டர் ஜாகிர் ஹுசைனை விரும்பினார். மே 13-ல் ராதாகிருஷ்ணன் விடைபெற்று, சென்னை மயிலாப்பூர் இல்லத்துக்குத் திரும்பினார். 1975 ஏப்ரல் 17-ல் காலமானார்.

அதற்கு இரண்டு திங்களுக்குப் பின், ஜூன் 25-ல், உள்நாட்டு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. தலைவியும் நாடும் ஒன்றே என்று ஆளுங்கட்சித் தலைவர் முழங்கியது அக்காலத்தை ஒட்டியேயாம். வியப்பு யாதெனில், அந்த நெருக்கடிக் காலத்திலேயே, 1976-ல், குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்டன. அரசியலமைப்பை மதித்தல், கொடியையும் கீதத்தையும் போற்றுதல், நாட்டைக் காத்தல் எனக் கடமைகள் பல அங்கே கூறப்பட்டன. பிரதமருக்கு விசுவாசம் என்னும் கடமை அப்பட்டியலில் இல்லை. மந்திரிமார் எடுக்கும் பிரமாணமும் அரசியலமைப்புக்கு உண்மையாயிருப்பதாகவே அமைந்துள்ளது. எந்த மனிதர் பெயரும் அதில் வருவதில்லை.

பகவான் புத்தரும் பரிநிர்வாணம் எய்துமுன் தமக்குப் பின் இன்னாரே தலைவர் என்று எவரையும் நியமிக்கவில்லை. தாம் உபதேசித்த தர்மமும் விநயமுமே ஆசானாக இருக்கும் என்று அருளிச் சென்றார். மனிதர் வருவர், போவர், பிழையும் செய்வர். ஆகவே தலைவருக்கு நாம் செலுத்த வேண்டியவை மரியாதையும், சட்டத்துக்குட்பட்ட ஒத்துழைப்பும், தக்க சமயத்தில் உண்மையுரையும் ஆகும். இம்மூன்றினுள் கடைசியானதைச் செலுத்தத் தவறியவர் முதலிரண்டையும் முழுமையாகச் செலுத்தியவராகார் என்பதே திருத்தணியில் பிறந்து திருப்பதியில் பயின்ற இப்பேரறிஞரின் வாழ்விலிருந்து நாம் அறிந்துகொண்டது.