கறுப்பர் முகத்திலேயே கரி!

பழைய ஊமைப்படக் காமெடின்னா நமக்கு சார்லி சாப்ளின்தான் ஞாபகம் வரும். சாப்ளின் சினிமாவுக்கு வந்தது 1914-ல். அதுக்கு முந்தின வருஷமே கேமரா முன்னாடி நின்ற ஒரு காமெடியனைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பெயர் பெர்ட் வில்லியம்ஸ். கறுப்பினத்தவர்.

1874 நவம்பர் 12-ல் பஹாமாஸ் தீவுகளில் உள்ள நசாவு நகரத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபோய்விட்டது. 1893-ல் ஜார்ஜ் வாக்கர் என்ற இன்னொரு கறுப்பின இளைஞரோடு ஜோடி சேர்ந்து மேடை ஏறினார்.

இங்கேதான் ஒரு கொடுமை. அந்தக் காலத்து அமெரிக்க மேடையில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசி, உதட்டைப் பெரிசா வரைந்துகொண்டு கறுப்பர்களைக் கிண்டல் பண்ணி நடிப்பார்கள். பார்க்கிறவங்களுக்கு அதுவே பழகிப்போச்சு. அதனால நிஜக் கறுப்பரும் அந்த வேஷம் போட்டால்தான் சிரிப்பாங்க! வில்லியம்ஸ் கொஞ்சம் வெளுத்த நிறம். அவரும் கார்க்கைச் சுட்ட கரியைப் பூசிக்கொண்டுதான் மேடைக்கு வந்தார். இதைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வரலை.

1903-ல் 'இன் டஹோமி' என்ற நாடகம். முழுக்க கறுப்பினக் கலைஞர்கள். நியூயார்க்கில் பிராட்வேயில் நடந்து, லண்டன் அரண்மனை வரைக்கும் போனது. வாக்கர் 1911-ல் இறந்துபோனார். அதற்கு முன்பே, 1910-ல், ஜீக்ஃபெல்ட் என்ற பெரிய முதலாளியின் கம்பெனியில் வில்லியம்ஸ் சேர்ந்திருந்தார். கூட நடித்த வெள்ளைக்காரர்கள் சிலர் எதிர்த்தார்கள். முதலாளி மசியவில்லை. ஆனாலும் பாருங்க, கைத்தட்டல் வாங்கிட்டு வெளியே வந்தா பல ஹோட்டல்களில் முன்வாசல் கிடையாது, பின்பக்கம்தான்.

1916-ல் பயோகிராஃப் ஸ்டூடியோவுக்காக இரண்டு குறும்படங்களில் நடித்தார். ஒன்று 'ஃபிஷ்', இன்னொன்று 'எ நேச்சுரல் பார்ன் கேம்ப்ளர்'. இரண்டாவது படத்தின் கடைசியில் ஜெயிலில் தனியா உட்கார்ந்து, கையில் சீட்டே இல்லாமல் நாலு பேர் ஆடுற சீட்டாட்டத்தை அவர் ஒருத்தரே ஆடிக் காட்டுவார். வாய் பேசாது, முகமும் விரலும்தான். அதிலும் தோற்றுப்போவார்!

ஆனால் எனக்குப் பெரிசாத் தெரிவது, வெளியே வராத படம்தான். 1913-ல் அதே ஸ்டூடியோ அவரை வைத்து ஒரு காமெடி எடுத்தது. எல்லாரும் கறுப்பின நடிகர்கள். ஏனோ எடிட்டிங்கூட முடிக்காமல் விட்டுட்டாங்க. ரீல்கள் 1939-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்தன. சரிபண்ணி 2014-ல்தான் ஜனங்களுக்குக் காட்டினார்கள். நூறு வருஷம்! அதில் கரி பூசினவர் வில்லியம்ஸ் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாம் சொந்த முகத்தோடு, நல்ல உடுப்பில், ராட்டினம் சுற்றுகிறார்கள், ஆடுகிறார்கள். வில்லியம்ஸும் ஒடெசா வாரன் கிரே என்ற நடிகையும் காதலர்களாக வருகிறார்கள். காதல் வேஷமெல்லாம் அப்போ கறுப்பினத்தவருக்கு யாரும் கொடுக்காத காலம். காட்சிகளுக்கு நடுவில் வெள்ளை டைரக்டர்களும் நடிகர்களும் சேர்ந்து நிற்பதும் அந்த ரீலில் பதிவாகியிருக்கிறது.

1922 பிப்ரவரியில் டெட்ராய்ட் நகரத்தில் நிமோனியா காய்ச்சலோடு நடித்தபோது மேடையிலேயே சுருண்டு விழுந்தார். அதுவும் காமெடி என்று நினைத்து ஜனங்கள் சிரித்தார்கள். மார்ச் 4-ல் நியூயார்க்கில் காலமானார். வயது 47.

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு