சாமிநாதையரவர்கள் சிந்தாமணி கற்ற வரலாறு

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்பால் அந்தாதி, கலம்பகம், புராணம் முதலிய பலவும் பாடங்கேட்டவர் உ. வே. சாமிநாதையரவர்கள். 1880ஆம் ஆண்டிலே கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரவர்களைக் கண்டு, தாம் கற்ற நூல்களையெல்லாம் அடுக்கிக் கூறினார். முதலியாரவர்கள் சிறிதும் வியந்தாரிலர். சீவகசிந்தாமணியைக் கற்றதுண்டோ என வினவினார். ஐயரவர்கள் உள்ளம் குன்றிற்று. எனினும் முதலியாரவர்கள்பால் அந்நூற் பிரதியைப் பெற்றுப் படிக்கத் தொடங்கினார். சைனசமயச் செய்திகள் பல விளங்கவில்லை. பிறராயின் அத்துடன் மூடிவைத்திருப்பர். தமக்குத் தெரியாததைப் பிறர்பாற் சென்று கேட்டல் பண்டிதர்க்கு எத்துணை அரிதென்பதை யாம் நன்கறிவோம். ஐயரவர்களோ, கல்லூரித் தமிழாசிரியராயிருந்தும், அவ்வூர்ச் சைனர் வீடுகளுக்கு மாணாக்கர்போற் சென்று ஐயந்தீர்ந்தார். 1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியருரையுடன் அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டும் வெளிவந்தது.