டெலிபதியைத் தேடியவர் கையில் சிக்கிய மூளை அலை: யார் இந்த ஹான்ஸ் பெர்கர்?

ஃபேன் சத்தம் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும். ஆனா நாம கவனிக்க மாட்டோம். அதுவே திடீர்னு 'கடகட'ன்னு மாறினா? நிமிர்ந்து பார்க்கிறதுக்கு முன்னாடியே மூளையின் மின் அலையில் ஒரு மாற்றம் வந்துவிடும், சுமார் 0.2 நொடிக்குள். இதைப் பிடித்துக் காட்டுவது இ.இ.ஜி. மனித மூளையின் அலைகளை முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். ஆனா அவர் தேடிப் போனது வேறு ஒன்றை!

குதிரையும் தந்தியும்

1873-ல் பிறந்த பெர்கர், கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு குதிரைப்படைப் பயிற்சிக்குப் போனார். அங்கே குதிரை மிரண்டு அவரைத் தள்ளிவிட, எதிரே பீரங்கி வண்டி. நூலிழையில் தப்பினார். அன்று மாலையே அப்பாவிடமிருந்து தந்தி வந்தது. எங்கோ தொலைவில் இருந்த சகோதரிக்கு, அண்ணன் தம்பி பாசமோ என்னவோ, பெர்கருக்கு ஆபத்து என்று மனதில் பட்டிருக்கிறது. அவர் சொல்லித்தான் அப்பா நலம் விசாரித்தார்.

தற்செயல் என்று நாம் கடந்துபோயிருப்போம். பெர்கர் போகவில்லை. மனதில் தோன்றுவது தூரம் தாண்டிப் போகும் என்றால் அதற்கு ஒரு சக்தி இருக்கணும், அதை அளக்கணும் என்று மருத்துவம் படித்தார்.

விலங்குகளின் மூளையில் மின்சாரம் ஓடுவதை 1875-லேயே இங்கிலாந்தின் ரிச்சர்டு கேட்டன் காட்டிவிட்டார். மனிதனிடம் பார்ப்பதுதான் கஷ்டம். தலைத்தோலில் கிடைப்பது சில பத்து மைக்ரோவோல்ட்தான். மின்னியலில் பெர்கர் நிபுணரும் இல்லை. யேனா பல்கலைக்கழகத்தில் பல வருஷம் தோற்று, 1924-ல் முதல் பதிவைப் பிடித்தார். நம்பிக்கை வராமல் மேலும் ஐந்து ஆண்டுகள் சோதித்தார். மகன் கிளாஸின் தலையிலும் பல முறை! கண்மூடி அமைதியாக இருந்தால் நொடிக்குச் சுமார் 10 அலைகள். கண் திறந்தால் அவை அடங்கிவிடும். அந்த அலைக்கு 'ஆல்ஃபா' என்று பெயர் வைத்தார்.

1929-ல் கட்டுரை வெளியானது. பலர் நம்பவில்லை. 1934-ல் நோபல் விஞ்ஞானி எட்கர் ஏட்ரியன் கேம்பிரிட்ஜில் அதையே செய்துகாட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

சத்தத்துக்கு வந்த அலை

1939-ல் அமெரிக்காவின் பாலின் டேவிஸ், விழித்திருப்பவரின் இ.இ.ஜி-யில் சத்தத்துக்கு எழும் அலையைக் காட்டினார். 1978-ல் பின்லாந்தின் ரிஸ்டோ நாட்டனன் குழு இன்னும் ஒரு படி போனது. 'டிங் டிங் டிங்' நடுவே ஒரு 'டாங்' வந்தால், ஆள் கவனிக்காவிட்டாலும் மூளை தனி அலை எழுப்புகிறது. பச்சிளம் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் 'பெரா' டெஸ்ட்டும் சத்தத்துக்கு எழும் மின் அலையைத்தான் படிக்கிறது. டெலிபதிக்கு மட்டும் கடைசிவரை ஆதாரம் சிக்கவில்லை.

மறைந்திருந்த பக்கம்

மன அழுத்தத்தில் இருந்த பெர்கர், 1941-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நாஜிகளின் நெருக்கடிக்கு ஆளானவர் என்றே பல காலம் எழுதப்பட்டது. ஆவணங்கள் சொல்வது வேறு. நாஜி ஆட்சியில் கட்டாயக் கருத்தடைக்கு உத்தரவிட்ட மரபுநல நீதிமன்றத்தில் அவரும் உறுப்பினராக இருந்திருக்கிறார். அங்கே அவர் முன் வந்த வழக்குகளில் பல, மனநலம் பாதிக்கப்பட்டவர்களுடையவை.