கண்ணை மரக்க வைத்த இளைஞர்

கண்ணில் ஊசி போடுவார்கள் என்று கேட்டாலே உடம்பு சிலிர்க்கிறது. அப்படியென்றால் 1884க்கு முன் கண் அறுவை சிகிச்சை எப்படி இருந்திருக்கும்? ஈதர் கொடுத்து மயங்க வைத்தால், விழித்ததும் வரும் வாந்தியில் அறுத்த கண் கெட்டுப்போகும் ஆபத்து இருந்தது. மயக்கம் கொடுக்காவிட்டால் நோயாளியை ஆட்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இதற்கு வழி கண்டவர் கார்ல் கொல்லர். 1857இல், இன்றைய செக் நாட்டிலுள்ள ஒரு சிற்றூரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வியன்னா பொது மருத்துவமனையில் அவர் இளம் மருத்துவராக இருந்தபோது, நண்பர் சிக்மண்ட் பிராய்ட் (ஆம், உளவியல் பாடத்தில் வரும் அதே பிராய்ட்) கொக்கேய்னை ஆராய்ந்துகொண்டிருந்தார். அது நாக்கை மரக்கச் செய்யும் என்பது முன்பே தெரிந்த செய்திதான். அதைக் கண்ணில் விட்டுப் பார்க்கலாமே என்று கொல்லருக்குத் தோன்றியது.

பிராய்ட் தம் வருங்கால மனைவியைப் பார்க்க ஊருக்குப் போயிருந்த நேரம் அது. கொல்லர் முதலில் தவளையின் கண்ணில் கரைசலை விட்டார். பிறகு முயல், நாய். கடைசியாகத் தம் கண்ணிலும் சக ஆய்வாளர் கண்ணிலும் விட்டு, குண்டூசியின் தலையால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார்கள். வலிக்கவில்லை!

1884 செப்டம்பர் 15இல் ஹைடல்பெர்க்கில் கண் மருத்துவர் மாநாடு. அங்கே போகக் கொல்லரிடம் பணம் இல்லை. வேறொரு மருத்துவர்தான் அவருடைய கட்டுரையை வாசித்துச் செய்முறையும் காட்டினார். கண்டுபிடித்தவருக்கு வயது 26.

மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் என் பெரியப்பாவுக்கு இனிப்பு நீரால் விழித்திரை வீங்கிவிட்டது. மருத்துவர் கண்ணில் ஊசி போடச் சொன்னார். பெரியப்பா பயந்து இரண்டு மாதம் தள்ளிப்போட்டார். அதற்குள் கணக்குப் புத்தகத்து எண்களே அவருக்கு மங்கிவிட்டன. பிறகு நானே அழைத்துப் போனேன். அவருக்குச் சொட்டு மருந்துதான். சிலருக்கு லிடோகெய்ன் ஜெல் தடவுவார்கள், சிலருக்கு மருந்தில் நனைத்த பஞ்சை வைப்பார்கள், சிலருக்கு வெள்ளை விழியின் மேல்தோலுக்கு அடியில் சிறு ஊசியாகவே மரப்பு மருந்தைச் செலுத்துவார்கள். கடைசி முறை ஆழமாக மரக்கச் செய்யும். ஆனால் அதுவே ஒரு குத்து, கண்ணும் சிவக்கலாம். ஜெல்லில் வேறு கவலை: கிருமிநாசினி கண்ணில் படாமல் அது மறைத்துவிடக் கூடாது. அதனால் முதலில் அயோடின் விட்டுவிட்டுப் பிறகே தடவுவது நல்லது. என் எண்ணத்தில், பெரும்பாலோருக்குச் சொட்டு மருந்தே போதும். பயம்தான் வலியைவிடப் பெரிது.

இன்று கண்ணுக்குப் பொதுவாகக் கொக்கேய்ன் பயன்படுத்துவதில்லை. கருவிழியைப் பாதிக்கும், போதைக்கும் அடிமையாக்கும். வேதியியலார் உருவாக்கிய மாற்று மருந்துகள் வந்துவிட்டன.

கொல்லருக்கு வியன்னாவில் பதவி உயர்வு கிடைத்திருக்க வேண்டும். 1885 ஜனவரியில் சக மருத்துவர் ஒருவர் அவரை யூதர் என்று இழிவாகப் பேச, கொல்லர் அறைந்துவிட்டார். அது வாள் சண்டை வரை போனது. கொல்லருக்குக் காயமில்லை, எதிராளிக்குத்தான் வெட்டு. ஆனால் அந்த ஊரில் அவருக்கு எதிர்காலம் இல்லாமல் போனது. ஹாலந்து சென்று, 1888இல் நியூயார்க்கில் குடியேறி, கண் மருத்துவராகவே வாழ்ந்தார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1944இல் அங்கேயே காலமானார்.