மார்கரெட் ஃபுல்லர்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கேம்பிரிட்ஜ்போர்ட் என்னும் ஊரில், 1810ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் மார்கரெட் ஃபுல்லர் பிறந்தார். தந்தை திமொதி ஃபுல்லர் வழக்கறிஞர். நாடாளுமன்ற உறுப்பினராகவும் பணியாற்றியவர். பெண்களுக்கு உயர்கல்வி வேண்டியதில்லை என்று பலரும் கருதிய காலம் அது. திமொதியோ தம் மூத்த மகளுக்கு இளமையிலேயே இலத்தீன் மொழியைக் கற்பித்தார். அவர் பணி முடிந்து வீடு திரும்பிய பின்னரே பாடம் தொடங்கும். உறங்க வேண்டிய நேரத்தில் படித்த சிறுமியை அச்சமூட்டும் கனவுகள் வருத்தின. ஆயினும் கல்வியின்மீது கொண்ட பற்று அவரைவிட்டு நீங்கவில்லை.

1835இல் தந்தை காலமானார். தாயையும் உடன்பிறந்தோரையும் காக்கும் பொறுப்பு மார்கரெட்டைச் சேர்ந்தது. ஐரோப்பா செல்ல வேண்டும் என்ற விருப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் ஆசிரியப் பணியை மேற்கொண்டார்.

1839இல் பாஸ்டன் நகரில் பெண்களுக்காக உரையாடல் வகுப்புகளைத் தொடங்கினார். பெண்கள் கற்றதைப் பயன்படுத்தவோ, தம் கருத்தை எடுத்துரைக்கவோ வாய்ப்பின்றி இருந்ததை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே, அங்கு வந்தோர் கேட்டுச் செல்வதோடு நில்லாமல் தாமே சிந்தித்துப் பேசுமாறு தூண்டினார். 1840இல் எமர்சன் முதலிய அறிஞர்கள் தொடங்கிய 'தி டயல்' இதழின் முதல் ஆசிரியரானார்.

அவ்விதழில் 1843இல் எழுதிய கட்டுரையை விரித்து, 1845இல் 'பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்' என்னும் நூலாக வெளியிட்டார். கப்பல் தலைமை உட்பட எப்பணியும் பெண்ணுக்கு மறுக்கப்படலாகாது என அதில் வாதிட்டார். நூலைப் பலர் போற்றினர், பலர் தூற்றினர்.

நியூயார்க் 'டிரிப்யூன்' நாளிதழில் சேர்ந்த மார்கரெட், சிறைப்பட்ட பெண்களை நேரில் கண்டு அவர்தம் துயரை எழுதினார். 1846இல் அவ்விதழின் செய்தியாளராக ஐரோப்பா சென்றார். பதினோர் ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட பயணம் அப்போது கைகூடியது. இத்தாலியில் ஒசோலி என்பவரோடு இணைந்து வாழ்ந்தார். 1848இல் ஆண்மகவு பிறந்தது. மறு ஆண்டு ரோமில் மக்களாட்சி மலர்ந்தது. அதனை வீழ்த்தப் பிரெஞ்சுப் படை நகரை முற்றுகையிட்டபோது, மார்கரெட் மருத்துவமனை ஒன்றின் பொறுப்பேற்றுக் காயமுற்ற வீரர்களைப் பேணினார்.

ரோம் வீழ்ந்தது. தாம் கண்ட புரட்சியின் வரலாற்றை எழுதிய மார்கரெட், அக்கையெழுத்துப்படியோடும் குடும்பத்தோடும் 1850இல் தாயகத்துக்குக் கப்பலேறினார். வழியில் கப்பல் தலைவர் பெரியம்மையால் இறந்தார். ஜூலை 19ஆம் நாள், நியூயார்க்கை அடுத்த ஃபயர் தீவின் அருகே, கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில், கப்பல் புயலில் சிக்கி உடைந்தது. மூவரும் மாண்டனர். எழுத்தாளர் தோரோ கடற்கரையெங்கும் தேடியும் கையெழுத்துப்படி கிடைக்கவில்லை.

மார்கரெட் வாழ்ந்தது நாற்பது ஆண்டுகளே. அவர் மறைந்து எழுபது ஆண்டுகள் கழித்து, 1920இல், பாலின அடிப்படையில் வாக்குரிமை மறுக்கப்படலாகாது என்பது அமெரிக்க அரசமைப்பில் இடம்பெற்றது. கடல் கொண்ட நூல் மீளவில்லை. அவர் முன்னரே எழுதிய கட்டுரைகள் இன்றும் படிக்கப்படுகின்றன.

சொல்லும் பொருளும்
தூற்றினர் – பழித்தனர்
மகவு – குழந்தை
பேணினார் – காத்தார்

விடை எழுதுக
1. உரையாடல் வகுப்புகளை மார்கரெட் தொடங்கியது ஏன்?
2. ரோம் முற்றுகையின்போது அவர் ஆற்றிய பணி யாது?
3. குடும்பப் பொறுப்பால் தள்ளிப்போன அவரது விருப்பம் எவ்வாறு நிறைவேறியது?