மூட்டு வலிக்கு புற்றுநோய் மாத்திரையா? சென்னையில் படித்த சுப்பாராவ் விட்டுச் சென்ற மருந்தின் கதை

மறைமலை நகர், ஒரகடம் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போறவங்களுக்கு கைதான் மூலதனம். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்கவில்லை, இரண்டு கையிலும் வீக்கம் என்றால், அது வேலை அலுப்பு மட்டும்தானா? முடக்கு வாதமாகவும் இருக்கலாம். அதற்கு டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது மெத்தோட்ரெக்சேட். செல்போனில் தேடினால் புற்றுநோய் மருந்துன்னு வரும். பயம் வரத்தான் செய்யும். இந்த மருந்தின் கதை எல்லாப்பிரகடா சுப்பாராவிடம் இருந்து தொடங்குகிறது.

யார் இவர்?

1895 ஜனவரி 12-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாவது முயற்சியில்தான் பாஸ். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பை ஏற்று கதர் உடுத்தியது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கல. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கைக்கு வந்தது.

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். உடலின் ஆற்றல் நாணயம் என்று சொல்லப்படும் ஏ.டி.பி.யை அங்கே சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து கண்டறிந்தார். 1940-ல் லெடர்லி நிறுவனத்துக்கு மாறினார். அவரது குழு ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்தில் தயாரித்தது. அடுத்து, அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் உருவாக்கியது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார் சிட்னி ஃபார்பர். அதன் நெருங்கிய உறவுதான் மெத்தோட்ரெக்சேட்.

1948 ஆகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் காலமானார்.

மூட்டில் என்ன செய்யுது?

வெள்ளை அணுக்கள் ரத்தத்திலிருந்து நேரா திசுவுக்குள் குதிக்க முடியாது. ரத்தக்குழாய் சுவரில் உருண்டு, ஒட்டி, இடுக்கு வழியாகத்தான் வெளியே வரும். கிருமி இருந்தால் இது பாதுகாப்பு. முடக்கு வாதத்தில் கிருமியே இல்லாமல் மூட்டுக்குள் கூடி, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்க வழி செய்கின்றன.

குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட், அடினோசின் என்ற பொருளை அதிகமாக்குகிறது. அதனால் வெள்ளை அணுக்கள் ஒட்டுவது குறைகிறது. 1990-களின் ஆய்வுகள் தந்த முக்கியமான விளக்கம் இது. முடக்கு வாதத்துக்கு அமெரிக்கா இதை அனுமதித்தது 1988-ல். சுப்பாராவ் மறைந்து 40 ஆண்டுகள் கழித்து. ஒட்டும் மூலக்கூறையே நேரடியாகத் தடுக்கும் மருந்துகளும் இப்போ இருக்கு. குடல் அழற்சிக்குத் தரும் வெடோலிசுமாப் அதில் ஒன்று.

எதில் கவனம் தேவை?

* முடக்கு வாதத்துக்கு இது வாரம் ஒரு நாள் மட்டும் எடுக்கும் மருந்து. மறந்து தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி வைங்க.
* கர்ப்பிணிகளும், குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் எடுக்கக் கூடாது. முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிடுங்க.
* ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். காய்ச்சல் வந்தால் டாக்டரைப் பாருங்க.

இதோடு சேர்த்து ஒரு ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதித் தருவாங்க. வாய்ப்புண், குமட்டல் போன்ற பக்கவிளைவுகளைக் குறைக்கத்தான் அது. விலை கம்மின்னு அதை விட்டுடாதீங்க. அதுவும் சுப்பாராவ் குழுவின் ஆய்வகத்தில் தயாரானதுதான்.