காலத்தை முதலாகக் கொண்ட ஸ்ரீமான் ஜி. டி. நாயுடு

உலகத்திற் பொருளீட்டக் கருதுவோர்க்கு வேண்டப்படும் முதல் இரு வகைத்து. ஒன்று கையிலுள்ள பணம். மற்றொன்று கையைவிட்டுக் கழிந்துகொண்டே இருக்கும் காலம். முன்னதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகின்றோம், நாடோறும் எண்ணுகின்றோம், பேரேட்டிற் பதிந்து வைக்கின்றோம். பின்னதையோ எண்ணுவாருமில்லை, எழுதுவாருமில்லை. நம் அவிநாசித் திருத்தலத்தில் முதலையுண்ட பாலன் ஆண்டு சில கழிந்தபின் மீண்டு வந்த சரிதத்தை நம் வீட்டுச் சிறு குழந்தையும் அறியும். முதலை வாய்ப்பட்ட பிள்ளையும் மீண்டான். ஆனால் வீணிற் கழிந்த நாழிகையொன்று மீண்டதாக எந்தப் புராணமும் கூறவில்லை. இவ்வுண்மையைத் தமது வாழ்க்கைக்கு அடிப்படையாகக் கொண்டு, கல்விச்சாலையில் அதிகம் கல்லாமலே பெருந்தொழிலதிபராகவும் யந்திர நிபுணராகவும் விளங்கியவர் கோயமுத்தூர் ஸ்ரீமான் ஜி. டி. நாயுடு அவர்கள். அன்னாரது சரிதையை நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இச்சரிதையை இப்பொழுது எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணமுண்டு. நம்மவரிற் பலர் பனியன் தொழிலில் ஈடுபட்டிருக்கின்றனர். சிலர் முதலாளிகள், பலர் தொழிலாளிகள். அயல்நாட்டுக் கொள்முதல்காரர்கள் இக்காலத்தில் ‘லீன்’ என்னும் ஒரு முறையை நம் தொழிற்சாலைகளில் எதிர்பார்க்கின்றனர். வீணானவற்றை விலக்கி, வேலையை மெலிவுடையதாக்குவது என்பது அதன் பொருள். முதலாளிகளுட் சிலர் இதனைச் செலவு பிடிக்கும் வீண் தொல்லை என்கின்றனர். தொழிலாளிகளுட் பலரோ இது தங்களைக் கசக்கிப் பிழிவதற்கு வந்த புதிய உபாயம் என்று அஞ்சுகின்றனர். இவ்விரு சாராரும் அறியவேண்டிய விஷயம் ஒன்று நாயுடு அவர்களின் வாழ்க்கையில் இருக்கின்றது. ஆதலின் அதனை முதலிற் காண்போம்.

நாயுடு அவர்கள் 1893-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 23-ஆம் தேதி, கோயமுத்தூர் ஜில்லாவில் சூலூரை அடுத்த கலங்கல் என்னும் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் தோன்றினார். நம் அவிநாசித் தாலூகாவும் 2009-ஆம் வருஷம் வரை அதே ஜில்லாவைச் சேர்ந்ததாகலின், அவரை நம் நாட்டவரென்றே உரிமை பாராட்டுதல் தகும். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றது. தோட்ட வேலையில் ஈடுபடுத்தப்பட்ட அப்பிள்ளை ஒருநாள் ஆங்கில உத்தியோகஸ்தர் ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடின்றிக் குதிரையின்றித் தானே ஓடும் அவ்வண்டியின் மர்மம் யாது என்னும் கேள்வி அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை.

கேள்வியோடு நின்றிருப்பாராயின் இவரைப்பற்றி நாம் எழுதவேண்டிய அவசியமே நேர்ந்திராது. அவர் கோயமுத்தூருக்குச் சென்று ஓர் ஓட்டலிற் பரிமாறும் வேலைக்கு அமர்ந்தார். காசு காசாகச் சேர்த்து, அம்மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கிய வண்டியை ஊரார் காண ஓட்டிப் பெருமை கொள்வதைவிட, அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்து மறுபடியும் பூட்டுவதிலேயே அவருக்கு இன்பம் மிகுந்திருந்தது. ஒவ்வோர் உறுப்பும் எதற்காக இருக்கின்றது, அதனை நீக்கினால் என்ன நேரும் என்பதை ஆசிரியர் எவருமின்றித் தம் கைகளாலேயே கற்றார். பிற்காலத்தில் தொழில்களையும் அவர் அவ்வாறே பிரித்துப் பார்த்தார். இந்த வேலை எதற்கு, இந்த நேரம் எதற்கு, இது இல்லாவிடில் என்ன குறையும் என்பனவே அவர் எங்கும் கேட்ட கேள்விகள்.

பின்னர் அவர் திருப்பூருக்கு வந்து பருத்தித் தொழிலில் இறங்கினார். முதல் உலக யுத்த காலத்தில் பஞ்சின் விலை ஏறவே, பெரும் பொருள் சேர்ந்தது. அப்பொருளைக் கொண்டு பம்பாய் சென்று, அங்குள்ள பெரும் பருத்தி வியாபாரிகளோடு போட்டியிட்டுச் சேர்த்தவற்றை இழந்து திரும்பினார். இவ்விழப்பை நம் வியாபாரிகள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். விலை ஏறுமென்னும் நம்பிக்கையிற் பொருளைக் குவித்து வைப்பதும் ஒரு வீணே. குவிந்து கிடக்கும் சரக்கு செல்வமாகத் தோன்றும். விலை இறங்கிய அன்றே அது கடனென்பது தெரியவரும்.

வெறுங்கையினராய் மீண்ட அவர், இளைஞரெனினும், மனந்தளரவில்லை. கோயமுத்தூரில் தொழில் நடத்திவந்த ஸ்டேன்ஸ் துரையவர்களின் உதவி அவருக்குக் கிடைத்தது. 1920-ஆம் வருஷத்தில் ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கினார். அவ்வொரு வண்டி சில வருஷங்களில் யூ. எம். எஸ். என்று கொங்கு நாடெங்கும் வழங்கிய யூனிவர்ஸல் மோட்டார் சர்வீஸாக வளர்ந்தது. திறமையாய் நடத்தப்படும் பஸ் ஸ்தாபனத்திற்கு இந்தியாவிலேயே உதாரணமாக அதனைக் காட்டினர். பஸ் என்பது ஓடும்பொழுது மட்டுமே வருமானம் தருவது; நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் முதலைத் தின்பது. தாமே வண்டியோட்டிப் பழகிய அவர் இதனை ஏட்டிற் படித்து அறிந்தவரல்லர். சக்கரத்தைப் பிடித்த கையால் அறிந்தவர். ஆகவே நேரந்தவறாமை அவர்பால் ஒரு குணமாக மட்டுமின்றித் தொழிலின் விதியாகவே நிலவியது.

1930-களின் தொடக்கத்தில் பைகாராவிலிருந்து மின்சாரம் கோயமுத்தூர்ச் சீமைக்கு வந்தது. ஆலைகள் பெருகின, கிணறுகளிற் கவலையேற்றத்திற்குப் பதிலாக பம்புகள் அமைந்தன. ஆனால் அவற்றை இயக்கும் மோட்டார்கள் அயல்நாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தன. நாயுடு அவர்கள் பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் என்னும் தொழிற்சாலையை நிறுவி, ஸ்ரீமான் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களின் துணையோடு 1937-ஆம் வருஷத்தில் இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டாரை வெளியிட்டார். இன்று மோட்டாருக்கும் பம்புக்கும் கோயமுத்தூர் பெயர் பெற்றிருப்பதற்கு அம்முயற்சியே வித்தாகும்.

அவர் கண்டுபிடித்தனவும் செப்பஞ்செய்தனவும் பல. மிக மெல்லிய க்ஷவர பிளேடு, சிறு மின்சார க்ஷவரக் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, வோட்டுப் பதிவு யந்திரம் ஆகியன அவற்றுட் சில. 1941-ஆம் வருஷத்தில் ஐந்து வால்வு ரேடியோப் பெட்டியை ரூபாய் 70-க்குச் செய்ய இயலுமென்று அறிவித்தார். காலை 6 மணிக்கு அஸ்திவாரந் தொடங்கி மாலை 5 மணிக்குள் கூரை முடிய ஒரு வீட்டைக் கட்டுவித்தார். பதினொரு மணி நேரத்தில் ஒரு வீடு எங்ஙனம் எழும் என்று வியப்புறலாம். கொத்தனார் கை இருமடங்கு வேகமாய் ஓடுவதனால் மட்டும் அஃது இயலாது. செங்கல்லுக்காகக் கொத்தனாரும், சுவருக்காகத் தச்சரும், ஆணிக்காக எல்லோரும் காத்திராதபடி யாவும் வேண்டிய வேளையில் வேண்டிய இடத்தில் இருந்தால் மட்டுமே இயலும். நாம் சாதாரணமாகக் கட்டும் வீடுகளில் மாதக்கணக்கிற் செல்லும் காலத்தில் எவ்வளவு வேலையிற் செல்கின்றது, எவ்வளவு காத்திருத்தலிற் செல்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்பார்க்கு இதன் உண்மை விளங்கும்.

நிற்க. அவரது வாழ்க்கையின் மிகப் பெரிய போராட்டம் தொழிற்சாலையில் அன்று, கல்விச்சாலையில் நிகழ்ந்தது. 1944-ஆம் வருஷத்தில் மோட்டார்த் தொழிலின் நேர் நிர்வாகத்தினின்று விலகி, ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகையும், தம் தொழிலாளர்க்கும் பின்தங்கிய மக்களுக்கும் நன்மைத் திட்டங்களும் அறிவித்தார். அவரது நன்கொடையைக் கொண்டு சென்னை மாகாணக் கவர்னராயிருந்த ஸர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் பாலிடெக்னிக்கும் என்ஜினீயரிங் காலேஜும் கோயமுத்தூரில் ஏற்பட்டன. பள்ளிப் படிப்பையே முடிக்காத அவர் 1945-இல் காலேஜின் பிரின்ஸிபாலாக அமர்ந்தார். நான்கு வருஷப் படிப்பு மாணாக்கர்தம் காலத்தை வீணாக்குவதென்றும், முறையாகக் கற்பித்தால் இரண்டு வருஷமே போதுமென்றும் அவர் கருதினார். ஆங்கில அரசாங்கம் இதற்கு இசையவில்லை. தம் பொருளால் எழுந்த ஸ்தாபனத்தின் தலைமைப் பதவியை அவர் துறந்து வெளியேறினார். அக்காலேஜே இன்று கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகின்றது.

இவ்விஷயத்தில் அவர் கட்சி முழுதும் சரியென்று யாம் சொல்லத் துணியோம். அறிவு நெல்லைப்போல் விளையவும் காலம் வேண்டும்; விதைத்த மறுநாள் கதிரைத் தேடுதல் ஆகாது. ஆயினும் ஒரு படிப்பிற்கு நான்கு வருஷம் என்று விதித்தவர், அந்நான்கும் எதனால் நிரம்புகின்றன என்று ஆராய்தல் வேண்டுமன்றோ? அவர் கேட்ட கேள்வி நியாயமானது; அவர் கண்ட விடையைப்பற்றி அறிஞர் வேறுபடலாம். கேள்வியே எழாத இடத்தில் வீண் வேரூன்றி மரபென்னும் பெயரைப் பெற்றுவிடுகின்றது.

1952-ஆம் வருஷத்தில் இருவர் அமர்ந்து செல்லத்தக்க சிறு காரொன்றை ரூபாய் 2,000 விலைக்கு அவர் உருவாக்கினார். அரசாங்கத்தின் லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் உற்பத்தி நின்றது. வீணை ஒழிக்க ஒருவர் மட்டும் முயன்றால் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கும், எங்கே நின்றுவிட நேரும் என்பதற்கும் இவ்விரு நிகழ்ச்சிகளும் சான்றாகும். பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி ஆகியவற்றிலும் அவர் ஆராய்ச்சி செய்தார். ஸர் சி. வி. ராமனும், ஸர் எம். விசுவேசுவரய்யாவும் அவரது தோட்டத்திற்கு வந்து கண்டனர். 1974-ஆம் வருஷம் ஜனவரி 4-ஆம் தேதி அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவிநாசி நெடுஞ்சாலையிற் கோவை நகருக்குள் 2025-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் திறக்கப்பெற்ற நீண்ட மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நம்மூர்ப் பெயர் பூண்ட சாலையில், வழிச்செல்வோரின் காலத்தை மிச்சப்படுத்தும் பாலத்திற்கு அவர் பெயர் அமைந்தது பொருத்தமேயாம்.

இனி, லீன் என்பதன் வரலாற்றையும் சிறிது நோக்குவோம். அது நம்மைப் போன்ற நெசவு நாட்டிலிருந்தே பிறந்தது. ஜப்பானில் 1867-இற் பிறந்த தச்சர் மகனாகிய ஸகிச்சி டொயோடா, நெசவின் கஷ்டத்தைக் கண்டு தறியைச் செப்பஞ்செய்யப் புகுந்தார். இழை அறுந்தவுடன் தானே நின்றுவிடும் தறியை அவர் அமைத்தார். அதனாற் கெட்ட துணி நீள்வது நின்றது. ஒவ்வொரு தறியையும் ஓயாது பார்த்திருக்கும் தொல்லையும் நீங்கிற்று. அவர் 1930-இல் மறைந்தார். அவர் மகனார் தொடங்கிய டொயோட்டா மோட்டார்க் கம்பெனியில், நூற்பு நெசவு ஆலையிலிருந்து வந்த டாயிச்சி ஓனோ என்பார் அக்கருத்தை விரித்து ஏழு வகை வீண்களை வகுத்தார். தேவைக்கு மிஞ்சிச் செய்தல், காத்திருத்தல், பொருளை வீணே இடம் பெயர்த்தல், வேண்டாத வேலை செய்தல், சரக்கைக் குவித்தல், உடலை வீணே அலைத்தல், பழுதுபடச் செய்தல் என்பன அவை. அம்முறைக்கு லீன் என்னும் பெயரை அமெரிக்கர் 1988-இல் இட்டனர். நாயுடு அவர்கள் இப்பெயரைக் கேட்டவரல்லர். ஆயினும் கருத்து ஒன்றே.

நம் தொழிற்சாலைகளுக்கு இது எவ்வாறு பொருந்துமென்று ஒரு சிறு கணக்காற் காட்டுவோம். இருபது பேர் தைக்கும் ஒரு கம்பெனியில், கட்டிங் மேசையிலிருந்து துணி வருவதற்காக ஒவ்வொருவரும் நாளொன்றுக்குக் கால் மணி நேரம் காத்திருப்பதாகக் கொள்வோம். அஃது ஒரு நாளைக்கு 5 மணி நேரம். மாதத்திற்கு 25 நாளென்றால் 125 மணி நேரம். எட்டு மணி நேரம் ஒரு நாள் வேலையெனில், பதினைந்து ஆட்களின் ஒரு நாள் உழைப்புக்கு மேல் மாதந்தோறும் காற்றிற் கரைகின்றது. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்க்கு அக்காலத்திற்குக் கூலியுமில்லை. முதலாளிக்கு அதனாற் சரக்குமில்லை. ஓவர்லாக் யந்திரத்தில் நேர்ந்த ஊசிப் பழுது செக்கிங்கிற் சென்ற பின்னரே தெரியவருமாயின், அதற்குள் தைத்தனவெல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியனவாகின்றன. பழுது கண்டவுடன் யந்திரத்தை நிறுத்தும் உரிமை தைக்கும் பெண்ணுக்கு இருப்பின் இந்நஷ்டம் நேராது. அவ்வாறு நிறுத்தியவளை அதட்டுதல், அறுந்த இழையோடு தறியை ஓட்டுதற்கு ஒப்பாகும்.

இங்கே ஒன்றை அழுத்தமாகக் கூற விரும்புகின்றோம். வீணை விலக்குதல் என்பது வேலையிலுள்ள வீணை விலக்குதலே அன்றி, வேலைக்காரருடைய இளைப்பாறுதலை விலக்குதல் அன்று. தண்ணீர் குடிக்க எழுந்தவரைக் கடிகாரங்கொண்டு அளப்பதும், உணவு வேளையைக் குறுக்குவதும், மிச்சமான நேரத்தைக் காரணங்காட்டி ஆளைக் குறைப்பதும் இம்முறைக்குப் புறம்பானவை. அங்ஙனஞ் செய்யும் முதலாளி, தம் தொழிலாளர் கண்டறிந்த வீணை அடுத்த முறை தம்மிடம் சொல்லாதபடி அவர் வாயை அடைப்பவராவார். நாயுடு அவர்கள் தாமே வண்டியோட்டிக் கற்றார். பொருள் வந்தபொழுது தொழிலாளர் நன்மையையும் தம் திட்டங்களிற் சேர்த்தார். இவ்விரண்டையும் சேர்த்தே நாம் பின்பற்றல் வேண்டும். முதலாளி தையல் மேசையருகே ஒரு நாள் நின்று பார்க்கட்டும். தொழிலாளி தாம் கண்ட வீணைத் தயங்காது சொல்லட்டும். மிச்சத்திற் கிடைத்த லாபம் இருவர்க்கும் பங்காகட்டும்.

ஆதலின் அன்பர்களே, புதிய யந்திரம் வாங்கவும் கடன் எடுக்கவும் எண்ணுமுன், இருக்கின்ற யந்திரம் நாளில் எத்துணை நேரம் சும்மா நிற்கின்றதென்று ஒரு வாரம் எழுதி வைத்துப் பாருங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் இச்சரிதையைச் சொல்லுங்கள். பழுதான கடிகாரத்தையோ விசிறியையோ அவர்கள் பிரித்துப் பார்க்க விரும்பினால் தடுக்காதீர்கள். பேரேட்டில் பணத்திற்கு ஒரு பக்கம் இருப்பதுபோலக் காலத்திற்கும் ஒரு பக்கம் ஒதுக்கும் குடும்பமும் தொழிலும் தழைத்தோங்கும் என்பது எமது துணிபு.